அப்பாவின் கிரெடிட் கார்டில் எங்களுக்குத் தெரியாத செலவுகள், என்ன செய்வது?

மஞ்சக்குப்பம்_மாடிவீடு (ஞாயிறு காலை)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவின் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் நேற்று மெயிலில் வந்தது. அதில் எங்களுக்குத் தெரியாத செலவு மூன்று இருக்கிறது. திங்கட்கிழமை தேதியில் வெறும் ₹2. புதன்கிழமை ₹6,240. இரண்டுக்கும் ஒரே பெயர்தான், எழுத்தும் எண்ணுமாகக் கலந்து கிடக்கிறது, தேடிப் பார்த்தாலும் ஒன்றும் வரவில்லை. 6,240-க்குக் கீழே ₹218.40 என்று ஒரு வரி, ₹39.31 என்று இன்னொரு வரி. ₹2-க்குக் கீழே கூட 7 பைசா என்று ஒரு வரி இருக்கிறது. மூன்றாவது செலவு ₹1,870, 'ஹாஸ்பிடாலிட்டி' என்று முடிகிற ஏதோ கம்பெனிப் பெயர், ஊர் சென்னை என்று போட்டிருக்கிறது. அப்பா இந்த மாதம் சென்னைப் பக்கமே போகவில்லை.

அவர் ஓய்வு பெற்றவர். மருந்து, மளிகை, வண்டிக்குப் பெட்ரோல், இதற்கு மேல் கார்டை வெளியே எடுக்க மாட்டார். புதன் இரவே 6,240-க்கு எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, அது கடன் தருகிறோம் என்கிற விளம்பர மெசேஜ்களுக்கு நடுவில் கிடந்தது. ஓடிபி எதுவும் வரவில்லை, யாரும் போன் செய்யவும் இல்லை. வங்கிக் கிளை பாண்டிச்சேரியில், நாங்கள் இருப்பது கடலூரில். யாரிடம் போவது, போலீஸ் என்றால் எந்த ஊர் போலீஸ், பில்லைக் கட்டுவதா நிறுத்துவதா, எதுவும் பிடிபடவில்லை. அப்பா நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேருவீதி_நிழல் (ஞாயிறு காலை)

முதலில் கார்டை முடக்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வங்கியின் செயலியிலேயே இருக்கும், இல்லையென்றால் கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள். கஸ்டமர் கேர் எண்ணை நெட்டில் தேடி எடுக்க வேண்டாம். அப்படித் தேடுகிறவர்களுக்காகவே போலி எண் போட்டு வைத்துக் காத்திருக்கிற கூட்டம் இருக்கிறது. எடுத்ததும் 'உங்கள் பணத்தைத் திருப்புகிறோம், இந்தச் செயலியை இறக்குங்கள்' என்பார்கள்.

அந்த ₹1,870 மட்டும் எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. இங்கே மிஷன் வீதி, புஸ்ஸி வீதிப் பக்கம் நிறைய ஓட்டல்களில் பலகையில் ஒரு பெயர் இருக்கும், கார்டு மெஷினில் பதிவான கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும். பதிவு அலுவலகம் சென்னையில் இருந்தால் ஸ்டேட்மென்ட்டில் சென்னை என்றுதான் வரும். இந்த மாதம் பாண்டிக்கு வந்து எங்காவது சாப்பிட்டீர்களா?

மஞ்சக்குப்பம்_மாடிவீடு (ஞாயிறு காலை)

கார்டை முடக்கிவிட்டோம், நன்றி. 1,870-ஐ அம்மாவிடம் கேட்டேன். அத்தை குடும்பம் வந்தபோது எல்லாரும் கடற்கரைக்குப் போய்விட்டு மிஷன் வீதியில் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்த பில் காகிதம் அம்மாவின் பையிலேயே இருந்தது. மேலே ஓட்டல் பெயர், அடியில் பொடி எழுத்தில் அதே ஹாஸ்பிடாலிட்டி கம்பெனி. சரி, ஒன்று தீர்ந்தது. மற்ற இரண்டும் யாருக்கும் தெரியவில்லை.

லாஸ்பேட்டை_ஓய்வு (ஞாயிறு மதியம்)

தம்பி, கவலைப்பட வேண்டாம், ஆனால் இன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. நான் வங்கியில் கார்டு பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அந்தச் சின்ன வரிகளைப் பாருங்கள். 6,240-க்கு மூன்றரை சதவீதம் போட்டால் 218.40. அந்த 218.40-க்கு 18 சதவீதம் போட்டால் 39.31. முதலாவது வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கி போடும் கூடுதல் கட்டணம், அதாவது மார்க்அப், இரண்டாவது அதன்மேல் ஜிஎஸ்டி. ₹2-க்குக் கீழே உள்ள 7 பைசாவும் அதே கணக்கு. ஆக, இந்த இரண்டும் வெளிநாட்டுக் கடையில் நடந்தவை என்று ஸ்டேட்மென்ட்டே சொல்லிவிடுகிறது. நம் நாட்டுக் கடையில் ஆன்லைனில் கார்டு போட்டால் பொதுவாக ஓடிபி போல இன்னொரு உறுதிப்படுத்தல் கேட்க வேண்டும், அது ரிசர்வ் வங்கியின் விதி. வெளிநாட்டுக் கடைகள் பெரும்பாலும் கேட்பதில்லை. கார்டு எண், காலாவதித் தேதி, பின்னால் உள்ள மூன்று இலக்கம் கிடைத்தால் போதும், பணம் போய்விடும். எண்ணைத் திருடியவன் முதலில் ₹1, ₹2 என்று போட்டுக் கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பான். யாரும் கேட்கவில்லை என்றால் பெரிய தொகையாகப் போடுவான். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் இருப்பது அதேதான்.

அடுத்தது நாள் கணக்கு. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. உங்கள் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை, வேறு எங்கோ எண் கசிந்து பணம் போயிருக்கிறது என்றால், தகவல் வந்ததிலிருந்து மூன்று வேலைநாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு ரூபாய் கூட நஷ்டம் கிடையாது. நான்கு முதல் ஏழு வேலைநாள் என்றால் ஒரு உச்சவரம்பு வரை உங்கள் தலையில். 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அந்த வரம்பு ₹10,000, அல்லது போன தொகை, இதில் எது குறைவோ அது. போனது 6,240 என்பதால் நான்காம் நாள் ஆகிவிட்டால் முழுத் தொகையும் அப்பாவுக்குத்தான். ஏழு நாளும் தாண்டினால் அந்த வங்கியின் இயக்குநர் குழு வைத்திருக்கும் கொள்கைப்படி.

எஸ்எம்எஸ் வந்த நாளைச் சேர்க்க மாட்டார்கள். புதன் வந்தது, வியாழன் ஒன்று, வெள்ளி இரண்டு. நேற்று இரண்டாம் சனி, இன்று ஞாயிறு, இரண்டும் விடுமுறை. நாளை திங்கள்தான் மூன்றாவது நாள். திங்கள்வரை இழுக்காமல் இன்றே மெயில் போடுங்கள். போனில் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். எழுத்தில் கொடுங்கள், புகார் எண் வாங்குங்கள், அந்த மெயிலைப் பத்திரமாக வையுங்கள். நான் பார்த்த கேஸ்களில் பாதி இங்கேதான் கெட்டது. 'நான் அன்றைக்கே போன் பண்ணினேன் சார்' என்பார்கள், வங்கியின் பதிவில் ஒன்றுமே இருக்காது.

பண்ருட்டி_சாலை (ஞாயிறு மாலை)

சார் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் 6,240 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சல் தேவையா? வயதான மனுஷர், பி.பி., சுகர் எல்லாம் இருக்கும். கார்டை ரத்து செய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். என் மாமாவுக்கு இப்படி நடந்தபோது அதைத்தான் செய்தார். இரண்டாவது, போனில் சொன்னாலே புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்துவிடுகிறது, பிறகு எதற்கு மெயில்?

லாஸ்பேட்டை_ஓய்வு (ஞாயிறு மாலை)

அப்பாவின் உடம்பு முக்கியம்தான், அதனால்தான் அலைச்சலே இல்லாத வழியைச் சொல்கிறேன். வீட்டில் உட்கார்ந்து ஒரு மெயில், அவ்வளவுதான். கார்டை ரத்து செய்தாலும் அந்த 6,240 பில்லில் நிற்கும், கட்டாவிட்டால் வட்டி ஏறும், கடன் வரலாற்றைக் காட்டும் சிபிலில் பதியும். ஓய்வூதியக்காரரின் ஒரு மாத மருந்துச் செலவு அது, அதை எவனோ ஒருவனுக்காக அவர் ஏன் கட்ட வேண்டும்?

போன் விஷயம். கார்டை முடக்கப் போன் சரி, அதற்கு அதுதான் வேகம். ஆனால் நாளைக்கு வங்கி கைவிரித்து நீங்கள் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போக வேண்டி வந்தால், அங்கே முதல் கேள்வியே வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்தீர்களா என்பதுதான். போனில் பேசுகிற பிள்ளை தன் திரையில் என்ன வகையைத் தேர்ந்தெடுத்தது என்று உங்களுக்குத் தெரியாது. 'விளக்கம் கேட்டார்' என்று போட்டிருக்கலாம். உங்கள் மெயிலில் 'இந்தப் பரிவர்த்தனையை நாங்கள் செய்யவில்லை' என்று இருந்தால் அதை யாரும் மாற்ற முடியாது.

மஞ்சக்குப்பம்_மாடிவீடு (ஞாயிறு இரவு)

மெயில் போட்டாயிற்று சார். தானாக வரும் பதில் வந்தது, அதில் புகார் எண் இருக்கிறது. போலீஸுக்கு எங்கே போவது என்பதையும் யாராவது சொல்லுங்கள். கிளை பாண்டி, நாங்கள் கடலூர்.

நேருவீதி_நிழல் (ஞாயிறு இரவு)

கிளை எங்கே இருக்கிறது என்பது போலீஸுக்குத் தேவையில்லை. சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் பேசுங்கள், நாடு முழுக்க அதே எண்தான். இல்லையென்றால் தேசிய சைபர் குற்றத் தளத்தில் நீங்கள் இருக்கும் மாநிலத்தைப் போட்டுப் பதியுங்கள். கடலூர் என்றால் தமிழ்நாடு. முள்ளோடை எல்லையைத் தாண்டி பாண்டிப் பக்கம் வந்து எந்தக் காவல் நிலையத்திலும் நிற்க வேண்டியதில்லை. பதிந்தால் ஒரு ஒப்புகை எண் வரும், அதையும் வங்கிக்கு அனுப்புங்கள்.

அரியாங்குப்பம்_அக்கா (திங்கள்)

இதே இழையில் கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் சித்திக்கு நேற்று ஒருவன் போன் செய்து, ரிவார்டு பாயின்ட் காலாவதி ஆகிறது என்று சொல்லி ஓடிபி வாங்கிவிட்டான். ₹18,000 போய்விட்டது. இந்த மூன்று நாள் விதி சித்திக்கும் உண்டா?

லாஸ்பேட்டை_ஓய்வு (திங்கள்)

அம்மா, ஓடிபியை நாமே சொல்லிவிட்டால் அந்த மூன்று நாள் பாதுகாப்பு கிடைக்காது. வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் நம் நஷ்டம், தெரிவித்த பிறகு போகிற ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் நஷ்டம். அதனால் இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்கு முன்னால் கார்டை முடக்குங்கள். உடனே 1930. அவர்களால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே நிறுத்தி வைக்க முடியும், ஆனால் அவன் அதை எடுத்துவிடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். சித்தியைத் திட்டாதீர்கள். பயத்தில் மறைக்க ஆரம்பித்தால் அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டார்.

நெய்வேலி_வட்டம்12 (திங்கள்)

என்னுடையது இன்னொரு வகை. ஸ்டேட்மென்ட்டில் மாதாமாதம் ஒரு இன்சூரன்ஸ் பிரீமியம் போய்க்கொண்டிருந்தது. கேட்டால், போனில் நீங்கள் சரி என்று சொன்னீர்கள் என்றார்கள். அப்படியானால் அந்த ஒலிப்பதிவைக் கொடுங்கள் என்று மெயில் போட்டேன். கொடுக்கவில்லை, பணத்தைத் திருப்பிவிட்டார்கள். 2022-இல் ரிசர்வ் வங்கி கார்டுகளுக்கு என்று போட்ட விதிகளில், இன்சூரன்ஸ் சேர்க்க வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்று இருக்கிறது. சின்னத் தொகை என்று விடாதீர்கள், வருஷக் கணக்கில் கூட்டிப் பார்த்தால்தான் வயிறு எரியும்.

பெட்ரோல் போட்டால் வருகிற சர்சார்ஜ் வரியும் பலரைக் குழப்பும். முள்ளோடைப் பக்கம் விலை குறைவு என்று கடலூர்க்காரர்கள் போய்ப் போடுகிறார்கள் இல்லையா, அந்தச் செலவுக்குக் கீழே ஒரு சதவீதம் போல ஒரு கூடுதல் கட்டணம் இருக்கும், பல கார்டுகளில் அது பின்னால் திரும்ப வந்துவிடும். அதைத் திருட்டு என்று நினைக்க வேண்டாம்.

பண்ருட்டி_சாலை (செவ்வாய்)

பில் விஷயம் யாரும் சொல்லவில்லையே. கடைசித் தேதி வந்தால் மொத்தத்தையும் நிறுத்தி வைப்பதா? நான் நிறுத்தத்தான் சொல்வேன், அப்போதுதான் வங்கிக்கு உறைக்கும்.

லாஸ்பேட்டை_ஓய்வு (செவ்வாய்)

வேண்டவே வேண்டாம். மொத்தத்தையும் நிறுத்தினால் உங்கள் சொந்தச் செலவுக்கே தாமதக் கட்டணமும் வட்டியும் விழும், அது நியாயமாகவே விழும். நீங்கள் செய்த செலவுகளைத் தேதிக்குள் முழுசாகக் கட்டுங்கள். சர்ச்சையில் இருக்கிற 6,240, 2, அதற்கான மார்க்அப், ஜிஎஸ்டி, இவற்றை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கழித்தீர்கள், ஏன் என்று அதே புகார் எண்ணில் ஒரு வரி எழுதிவிடுங்கள். மோசடி என்று நீங்கள் புகார் கொடுத்த தொகைக்கு, புகார் முடியும்வரை கட்டணம் எதுவும் போடக்கூடாது என்று அந்த 2022 விதிகளிலேயே இருக்கிறது. கட்டும் தொகை, பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லியிருக்கும் மினிமம் டியூவுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பம்_மாடிவீடு (வெள்ளி)

இன்று வங்கியிலிருந்து பதில் வந்தது. மனசு விட்டுப்போய்விட்டது. 'பரிவர்த்தனை ஓடிபி மூலம் உறுதி செய்யப்பட்டுள்ளது, எனவே தொகைக்கு வாடிக்கையாளரே பொறுப்பு, புகார் முடிக்கப்படுகிறது' என்று இரண்டே வரி. அப்பாவின் போனை முழுவதும் பார்த்துவிட்டேன், அன்றைக்கு ஓடிபி மெசேஜே இல்லை. அப்பாவோ, நான்தான் எங்கேயோ தெரியாமல் கொடுத்துவிட்டேனோ என்று தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லாஸ்பேட்டை_ஓய்வு (வெள்ளி)

அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அவர் எதையும் கொடுக்கவில்லை. இது ஆள் பார்க்காமல் போகிற அச்சு பதில். எல்லாப் புகாருக்கும் இதே இரண்டு வரி போகும், பாதிப் பேர் இதோடு விட்டுவிடுவார்கள்.

அந்த 2017 சுற்றறிக்கையிலேயே தெளிவாக இருக்கிறது, வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அதனால் வாக்குவாதம் செய்யாமல் ஆதாரத்தைக் கேளுங்கள். கீழே உள்ளதை எடுத்துக்கொண்டு உங்கள் தேதிகளைப் போட்டு, வங்கியில் புகார்களைக் கவனிக்கிற நோடல் அதிகாரிக்கு அனுப்புங்கள், அவருடைய முகவரி வங்கியின் தளத்தில் குறைதீர்ப்புப் பக்கத்தில் இருக்கும்.

"என் கார்டில் இன்ன தேதியில் ₹2, இன்ன தேதியில் ₹6,240 கழிக்கப்பட்டுள்ளன. இவற்றை நான் செய்யவில்லை. எஸ்எம்எஸ் வந்த மூன்று வேலைநாளுக்குள் எழுத்து மூலம் புகார் கொடுத்துள்ளேன், எண் இது. ஓடிபி மூலம் உறுதி செய்யப்பட்டதாக உங்கள் பதிலில் உள்ளது. அந்த ஓடிபி எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் அனுப்பப்பட்டது, எந்த நேரத்தில் உள்ளிடப்பட்டது என்ற பதிவின் நகலைத் தரவும். கடையின் பெயர், நாடு, பரிவர்த்தனை நடந்த நாணயம் ஆகியவற்றையும் தரவும். இதற்கு வெளிநாட்டு மார்க்அப் வசூலிக்கப்பட்டுள்ளது என்பதைக் கவனிக்கவும். 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தெரிவித்த 10 வேலைநாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கவும்."

மார்க்அப் பற்றிய வரியை எடுத்துவிடாதீர்கள். ஓடிபி பதிவு அவர்களிடம் இருந்தால் அனுப்பட்டும், இல்லாவிட்டால் அந்த வரியைப் படித்ததும் அங்கே இருக்கிறவருக்குப் புரியும். கூடவே சார்ஜ்பேக் போடச் சொல்லியும் கேளுங்கள். வங்கி, கார்டு நெட்வொர்க் வழியாக அந்தக் கடையின் வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும் முறை அது. அதற்கும் கெடு உண்டு, அதனால் வங்கியை ஆறப்போட விடாதீர்கள்.

நேருவீதி_நிழல் (சனி)

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆம்புட்ஸ்மேனிடம் போவதற்குக் காசு கிடையாது. ரிசர்வ் வங்கியின் புகார்த் தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம், விவரம் கேட்க 14448. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலும் போடலாம், பதில் வந்து அது திருப்தி இல்லை என்றாலும் போடலாம். அப்பாவுக்குப் பதிலாக, அவருடைய சம்மதக் கடிதத்தோடு நீங்களே பிரதிநிதியாகப் போடலாம். வக்கீல் மூலமாகப் போனால்தான் எடுக்க மாட்டார்கள். நான் பணம் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடுங்கள் என்று இப்போது ஏஜென்ட்டுகள் சுற்றுகிறார்கள், அவர்களிடம் கார்டு விவரம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

அரியாங்குப்பம்_அக்கா (சனி)

சித்தி விஷயத்தில் 1930-இல் பதிந்தோம். ஒரு பகுதிப் பணம் அந்தக் கணக்கிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறதாம், மீதிக்கு வழி தெரியவில்லை. சாருக்கு நன்றி. சித்தி இப்போது தெரியாத எண் வந்தால் போனை என்னிடம் நீட்டிவிடுகிறார்.

மஞ்சக்குப்பம்_மாடிவீடு (அடுத்த வாரம்)

நோடல் அதிகாரியிடமிருந்து பதில் வந்துவிட்டது. ஓடிபி பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'மறு ஆய்வில் பரிவர்த்தனை கூடுதல் உறுதிப்படுத்தல் இல்லாமல் வெளிநாட்டு வணிகரிடம் நடந்தது தெரிகிறது, தொகை தற்காலிகமாக வரவு வைக்கப்படுகிறது, விசாரணை தொடர்கிறது' என்று எழுதியிருக்கிறார்கள். செயலியில் 6,240-உம் 2-உம் வரவாகத் தெரிகிறது. 218.40, 39.31 மட்டும் இன்னும் வரவில்லை. அப்பாவிடம் காட்டினேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். புது கார்டும் வந்துவிட்டது. இந்தத் தற்காலிக வரவு திரும்பப் போய்விடுமா?

லாஸ்பேட்டை_ஓய்வு (அடுத்த வாரம்)

ரொம்ப சந்தோஷம் தம்பி. தற்காலிகம் என்றால் விசாரணை முடியும்வரை என்று அர்த்தம், புகார் கொடுத்த 90 நாளுக்குள் முடித்தாக வேண்டும். உங்கள் கையில் இப்போது அவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டது இருக்கிறது, அதனால் திரும்ப எடுப்பது கடினம். எடுத்தால் அன்றைக்கே ஆம்புட்ஸ்மேன்.

மார்க்அப்பையும் ஜிஎஸ்டியையும் விடாதீர்கள், 7 பைசா உட்பட. மூலத் தொகையே செல்லாது என்றால் அதன்மேல் போட்ட கட்டணமும் செல்லாது. அதே புகார் எண்ணில் எழுதுங்கள்.

புது கார்டில் செயலியைத் திறந்து வெளிநாட்டுப் பயன்பாடு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். 2020-இல் வந்த விதிப்படி புது கார்டு வரும்போது அது அணைந்தே வர வேண்டும். பழைய கார்டில் யாரோ எப்போதோ போட்டு வைத்தது அப்படியே இருந்திருக்கலாம். ஆன்லைன் பயன்பாட்டுக்கும் அப்பாவுக்குத் தேவையான அளவு மட்டும் லிமிட் வையுங்கள், மருந்துக்கும் மளிகைக்கும் ஐயாயிரம் போதும் என்றால் ஐயாயிரம். பழைய கார்டில் மின்கட்டணம், போன் பில் எதற்காவது ஆட்டோ டெபிட் கொடுத்திருந்தால் அதைப் புது கார்டுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதம் பில் கட்டாமல் நிற்கும்.

மஞ்சக்குப்பம்_மாடிவீடு (அடுத்த வாரம்)

வெளிநாட்டுப் பயன்பாடு அணைந்துதான் இருக்கிறது சார், பார்த்துவிட்டேன். மின்கட்டணத்தை இன்றே மாற்றுகிறேன். 257 ரூபாய் 71 பைசா, 7 பைசா எல்லாவற்றுக்கும் சேர்த்து மெயில் இப்போதுதான் போனது.